இரண்டாவது தட்டு

காலி நாற்காலிதான் தங்கச்சி, உட்காருங்கள். அப்படியில்லை, என்னைப் பார்த்தாற்போல் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வாசலைப் பாருங்கள், நான் உங்களைப் பார்க்கிறேன். வாசல் பக்கம் திரும்பினால் எனக்கு வெயில் கண்ணில் அடிக்கிறது. டீக்கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். வந்ததிலிருந்து அவருக்கு என்னால் நல்ல வியாபாரம்.

எழுந்து எழுந்து போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறீர்களே, நீங்கள் பார்க்கிறீர்கள் என்று விமானம் வேகமாக வந்துவிடுமா? கைக்குட்டைதான் கிழியும். முறுக்காதீர்கள், பாவம் அது. யாருக்காக நிற்கிறீர்கள்? அண்ணனா? எந்த ஊர்? அருப்புக்கோட்டையா! அட, உங்கள் ஊரில் வைத்துத்தான் இன்று காலை நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இதோ, என் காலைப் பாருங்கள். இடது செருப்பு என்னுடையது. வலது செருப்பு என் மருமகளுடையது, பூப்போட்டது. அவள் காலில் பார்த்தால் அதே கதை, எதிர்ப்பக்கமாக! தூத்துக்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வரை இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரத் தம்பி மெதுவாகக் கேட்டான்: “யக்கா, இப்ப இதுதான் புது மாடலா?” அவ்வளவுதான். நான் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறேன், சிரிக்கிறேன், டீ ஆறிப்போய்விட்டது. ஜெனோவா, அதுதான் என் மருமகள், பயந்தே போய்விட்டாள். “மாமி, போதும் மாமி, எல்லாரும் பாக்காங்க” என்கிறாள்.

சந்தோஷத்தில் வந்த மறதி, வேறொன்றும் இல்லை. பதற்றம் என்பதே எனக்குக் கிடையாது. எங்கள் தெருவில் வந்து மெட்டில்டா எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அசையாத கல் என்பார்கள்.

என் மகன் வருகிறான். கிளிட்டஸ். கப்பலில் சமையல்காரன். இருபது பேருக்கு மீன் குழம்பு வைப்பான், ஒருத்தருக்கும் காரம் கூடினது குறைந்தது என்று சொல்ல இடம் வைக்க மாட்டான். போன வருஷம் அவன் கப்பலின் முதலாளி ஒரு நாள் போனை அணைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். பெரிய முதலாளி தங்கச்சி, கப்பல் வைத்திருக்கிறவன், ஒரு சட்டைப் பொத்தானைத் தொலைத்தாற்போல் கப்பலை விட்டுவிட்டுப் போய்விட்டான்! வளைகுடாத் துறைமுகத்துக்காரர்கள் கப்பலை உள்ளேயும் விடவில்லை, ஊருக்குத் திரும்பவும் விடவில்லை. நங்கூரம் போட்டுக் கடலில் நிறுத்திவிட்டார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிறதாம். ராத்திரியானால் விளக்குகள்கூடத் தெரியுமாம். ஆனால் ஆட்கள் இறங்கக் கூடாதாம். இன்றைக்கு விடுவார்கள், நாளைக்கு விடுவார்கள் என்று மாதக்கணக்கில் ஓடிப்போனது.

ஐயோ, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்ல வந்தது சோகக் கதை இல்லை. எவ்வளவு சிரித்தோம் என்று சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் தெருவில் அன்பியம் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒரு வீட்டில் கூடி, செபமாலை சொல்லி, டீ குடித்துக் கலைகிற கூட்டம். மற்ற தெருக்களில் வாரம் ஒரு நாள். கிளிட்டஸ் விஷயம் தெரிந்த பிறகு எங்கள் தெருவில் தினமும் ஏழு மணிக்கு என்று ஆக்கிவிட்டார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே. நான்தான் தலைவி. செபமாலை முடிந்ததும் மன்றாட்டு. ஒவ்வொருவரும் தன் குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் யாருக்குத்தான் குறை இல்லை? ஒருத்திக்கு மாப்பிள்ளை வேலை போனது, ஒருத்திக்கு மகளின் கர்ப்பத்தில் ஏதோ சந்தேகம் என்று டாக்டர் சொன்னது. மன்றாட்டு நீண்டுகொண்டே போகும். டீ ஆறும். அழுகை. மூக்கைச் சிந்தல். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அதே அழுகை, மீன் கடையில் அதே அழுகை. ஒருவர் ராத்திரி தூங்கவில்லை என்றால் இன்னொருவர், “நான் மட்டும் தூங்குனேனா?” என்று போட்டிக்கு வருவார்.

அப்போதுதான் கோயில் மண்டபத்தில் ஒரு சிஸ்டர் வந்து மன நலத்தைப் பற்றிப் பேசினார். கண்ணாடி போட்ட சின்னப் பெண். “நாள் முழுக்கக் கவலைப்படாதீங்க. கவலைக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கி வையுங்க. மத்த நேரத்துல வந்தா, போ, உன் நேரத்துக்கு வான்னு சொல்லுங்க” என்றார். எனக்கு அது அப்படியே பிடித்துக்கொண்டது. முழுவதும் கேட்க முடியவில்லை. கப்பலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டுக்குப் போன் போடுகிற நேரம் வந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை அவருக்குப் போன் செய்வேன். கப்பல் என்ன ஆச்சு என்று. அது கவலை இல்லை தங்கச்சி, விசாரிப்பு.

அன்று மாலையே தெருவில் சட்டம் போட்டேன். கவலை எல்லாம் மன்றாட்டு நேரத்தில். நான் மணி அடித்தால் ஆரம்பம், மணி அடித்தால் முடிவு. அதற்கு வெளியே எவர் வாயிலிருந்தாவது கவலை வந்து, அதை இன்னொருவர் கேட்டுவிட்டால், அபராதம்: மறுநாள் அன்பியத்துக்கு ஒரு தட்டுப் பலகாரம். கடையில் வாங்கக் கூடாது, கையால் செய்ய வேண்டும்.

அதற்கப்புறம் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டுமே! பிரகாசி அக்கா என்று எதிர்வீட்டில் இருக்கிறார்கள். முட்டுவலிக்காரர். இரண்டு படி ஏறவே கஷ்டப்படுகிற மனுஷி, மற்றவர்கள் கவலைப்படுவதைப் பிடிக்கிறதற்காகக் குழாயடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒளிந்திருந்தார்கள்! “கேட்டுட்டேன்ளா, கேட்டுட்டேன்! நாளைக்கு சுழியம்!” என்று கத்திக்கொண்டே எழுந்தார்கள், எழ முடியவில்லை. கவலைப்பட்டவளே தூக்கிவிட வேண்டியதாயிற்று. “ஐயோ, இந்த முட்டு என்னை என்ன பாடு படுத்தப்போவுதோ” என்று அக்கா வாய் தவறிச் சொல்ல, “யக்கா! உங்களுக்கும் ஒரு தட்டு!” என்றாள் இவள். அங்கேயே இரண்டு பேரும் குடத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

தொபியாஸ் அண்ணன் என்று ஒருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் நல்ல நிலை, உடம்பு இரும்பு. அவருக்குக் கவலையே கிடையாது. மன்றாட்டில் அவர் முறை வந்தால் மனுஷன் தலையைக் குனிந்துகொள்வார், பரீட்சையில் விடை தெரியாதவர் மாதிரி. ஒரு நாள் வெட்கம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு, “பிரகாசியம்மாளோட முட்டுக்காக மன்றாடுவோம்” என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம். “என் முட்டைப் பத்தி ஊரு முன்னால பேச இவரு யாரு? ஒரு கவல சொந்தமா வச்சிக்க துப்பில்ல!” நாங்கள் எல்லோரும், “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்ல வேண்டும், எங்கே சொல்ல? வாயைத் திறந்தால் சிரிப்பு. மாதா சுரூபத்துக்கு முன்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பாவம், அவராகவே ஒரு கவலையைச் சம்பாதித்துக்கொண்டார். எதுவும் இல்லாமல் இருக்கிறோமே, நம்மிடம் ஏதோ கோளாறோ என்று!

முறுக்கு, சுழியம், முந்திரிக்கொத்து, ரவா உருண்டை. தெருவே பெருத்துவிட்டது. தையல்காரர் ரவிக்கை பிரித்துத் தைத்தே களைத்துவிட்டார். யார் வீட்டிலிருந்து எண்ணெய் வாசனை வருகிறதோ அவர்களுக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்று தெரிந்துபோகும். சாயங்காலம் அவள் பக்கத்தில் இரண்டு பேர் கூடுதலாகப் போய் உட்காருவோம்.

நான்? நான் ஒரு தட்டுகூடக் கொண்டுபோனதில்லை தங்கச்சி. ஒரே ஒரு தட்டுகூட. மன்றாட்டிலும் எனக்காக எதுவும் சொன்னதில்லை. மணி அடிப்பதோடு சரி. தெருவிலேயே நான் ஒருத்திதான்.

செய்தியில் வளைகுடாப் பக்கம் காற்று எப்படி என்று சொல்லுவார்கள், அதைக் கேட்பேன். அது கவலை இல்லை, வானிலை. கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டு வெறுந்தரையில் படுத்தேன். கப்பலில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை, மின்விசிறி இல்லை, எல்லோரும் மேல்தட்டில் இரும்பின் மேல் படுக்கிறார்கள் என்று அவன் சொன்ன பிறகுதான் நான் தரைக்கு வந்தேன் என்பாள் ஜெனோவா. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தரையில் படுத்தால் முதுகுக்கு நல்லது. அப்புறம் மீனை நிறுத்திவிட்டேன். அவன் கப்பலில் அரிசியும் பருப்பும் மட்டும்தான் மிச்சம், அதையும் அளந்துதான் வடிக்கிறேன் என்று ஒரு தடவை போனில் சொன்னான். அதற்காக இல்லை. மீன் விலை ஏறிப்போய்விட்டது. சனிக்கிழமை சனிக்கிழமை அவன் சட்டைகளை எடுத்துத் துவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டுத் திரும்ப அலமாரியில் வைப்பேன். போடாத சட்டையை ஏன் துவைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். கடற்கரை ஊர், உப்புக்காற்று. துணி பூத்துப்போகும்.

எனக்கு வருத்தம் எல்லாம் ஜெனோவாவைப் பற்றித்தான். இப்படிக் கவலைப்படுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஒரு தட்டு கொண்டுவருவார்கள், அவள் இரண்டு தட்டு கொண்டுவருவாள். எப்போதும் இரண்டு. முறுக்கு ஒன்று, முந்திரிக்கொத்து ஒன்று. நான் நல்லபடியாகச் சொன்னேன்: “ஏளா, உனக்கு இவ்வளவு கவல ஆகாதுளா. என்னப் பாத்துப் படி.” அவள் அரிசி மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். பிரகாசி அக்காதான் பதில் சொன்னார்கள். “மெட்டில்டா, அந்த ரெண்டாவது தட்டு யாருக்குன்னு மாதாவுக்கே தெரியும்” என்று. தெரியாமல் என்ன? அக்காவுக்கு முந்திரிக்கொத்து என்றால் உயிர். இரண்டாவது தட்டு எப்போதும் அக்கா பக்கத்தில்தான் போய் நிற்கும்.

ஒரு நாள் மன்றாட்டுக்கு முன்னால் ஜெனோவா என் கையிலிருந்து மணியைப் பிடுங்கிக்கொண்டாள். “மாமி, இன்னைக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒரே ஒண்ணு. பெரிசா வேண்டாம், சின்னது.”

“மணி அடிக்கிறவ கவலப்பட்டா கூட்டம் என்னத்துக்கு ஆகும்?”

“அந்த சிஸ்டர் அடக்கி வைக்க மட்டும் சொல்லல மாமி. நேரம் வந்தா வாய் தொறந்து சொல்லணும்னாங்க. சொல்லாம வச்சா கெட்டுப்போகும்னாங்க.”

“நான் அந்தப் பேச்சக் கேக்கல.”

“தெரியும். நீங்க ஏஜெண்டுக்குப் போன் பண்ணப் போயிட்டீங்க.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை எல்லாம் உருட்டினாள். சின்ன வயசு, கோபம் வரத்தான் செய்யும்.

இதற்கு முன்னாலும் ஒரு தடவை இங்கே வந்தோம். சொல்லவில்லையே? அது இன்னும் சிரிப்பு. விட்டுவிட்டார்கள், வருகிறான் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டார். தெருவே வேன் பிடித்து வந்தது. நான் ரோஜா மாலை கட்டி வாங்கினேன், என் கை நீளத்துக்கு. இதே வாசல். விமானம் வந்தது. ஆட்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். அப்புறம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசி நேரத்தில் ஏதோ ஒரு கையெழுத்துக்காக அவனைப் படகிலிருந்து திரும்பக் கப்பலிலேயே ஏற்றிவிட்டார்களாம். நமக்கு அது அப்புறம்தானே தெரிந்தது.

என் கையில் மாலை இருக்கிறது. வாடிவிடுமே? கடைசியாக ஒரு பெரியவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், சிவகங்கைக்காரர். நான் போய் அவர் கழுத்தில் போட்டுவிட்டேன்! அவர் முழிக்கிறார். அவர் வீட்டுக்காரர்கள் நான் ஏதோ சொந்தம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். “நீங்க யாரும்மா?” என்று கேட்டார். “நான் மெட்டில்டா. நல்லா இருங்க” என்றேன். எப்படிச் சிரித்தேன் தெரியுமா? திரும்பும்போது வேனில் எல்லோரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான்தான் மணியை எடுத்து அடித்து, “யாராவது கவலப்பட்டா ஆளுக்கு ஒரு தட்டு!” என்றேன். கொண்டுவந்த வடையை எல்லாம் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். தொபியாஸ் அண்ணன் கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறது. வடையில் மிளகாய் கூடிவிட்டது.

அதனால் இந்தத் தடவை யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேன் வேண்டாம், மாலை வேண்டாம், மணிகூட வேண்டாம். நானும் ஜெனோவாவும் போதும். அதோ, கம்பிக்குப் பக்கத்தில் மஞ்சள் சுடிதாரில் நிற்கிறாளே, அவள்தான். கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். இரண்டு டப்பா! இங்கேயும் இரண்டு! வழியெல்லாம் ஒரு கவலைகூடச் சொல்லவில்லை. எப்போது கவலைப்பட்டாளோ, யார் கேட்டார்களோ.

என்ன? வந்துவிட்டதா? பலகையில் போட்டுவிட்டார்களா? நல்லது. நல்லது தங்கச்சி. இனிமேல் பெட்டி எடுத்து, முத்திரை குத்தி, நேரமாகும். நீங்கள் உட்காருங்கள். ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் வாசலைப் பார்த்துத்தானே இருக்கிறீர்கள், உங்கள் அண்ணனைப் பார்க்கும்போது அவனையும் பாருங்கள். உயரமாக இருப்பான். நடக்கும்போது கொஞ்சம் ஆடுவான், கப்பல்காரன் நடை. வலது புருவத்தில் ஒரு வெட்டு, சின்ன வயசில் அம்மிக்கல்லில் விழுந்தது. அவனைப் பார்த்தால் சொல்லுங்கள். பார்க்காவிட்டால் எனக்குச் சொல்ல வேண்டாம். ஒன்றுமே சொல்ல வேண்டாம். நாம் இப்படியே பேசிக்கொண்டிருப்போம்.

வெயிலா? ஆமாம், மேகம் மூடித்தான் இருக்கிறது. காலையில் அடித்தது.

ஆட்கள் வருகிறார்களா? அது சக்கரச் சத்தம்தானே. ஒரு பெட்டி. இன்னொரு பெட்டி. இதற்கு அப்புறம் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது எனக்குத் தெரியும். கதவு சாத்துகிற சத்தம். அதுவரைக்கும் ஏதாவது பேசுங்கள் தங்கச்சி. உங்கள் ஊரில் நல்ல சேலை நெய்வார்களே, இப்போதும் நெய்கிறார்களா? உங்கள் அண்ணன் வந்துவிட்டாரா? கை ஆட்டுகிறாரே, அவர்தானா? போங்கள், போங்கள். இல்லை, கொஞ்சம் இருங்கள். ஒரு நிமிஷம் இருந்துவிட்டுப் போங்கள். என் கையை விடாதீர்கள். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? என் தலைக்கு மேலே யாரைப் பார்க்கிறீர்கள்?

தோளில் யாரோ கை வைக்கிறார்கள். இது ஜெனோவா கை இல்லை. எலும்பாக இருக்கிறது. நான் திரும்ப மாட்டேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், புருவத்தில் வெட்டு இருக்கிறதா? வலது புருவத்தில்?

இருக்கிறதா?

ஏல. ஏல கிளிட்டஸ். மக்கா. என்னல இது தாடி. என்னல இது கையி, குச்சி மாதிரி. சாப்ட்டியா? அங்க கடைசில அரிசியாவது இருந்துச்சா, இல்ல எங்ககிட்டப் பொய் சொன்னியா? எல்லாருக்கும் போட்டுட்டு நீ பட்டினி கெடந்தியாக்கும், உன்னத் தெரியாதா எனக்கு? இரும்புல படுத்தியே, முதுகு என்னத்துக்கு ஆச்சு? காத்தடிச்ச அன்னைக்கு என்ன செஞ்சீங்க? போன் எடுக்காத அந்த நாலு நாளு எங்கல போன? நான் செத்தேம்ல. தெனமும் செத்தேன். ஒருத்திகிட்டயும் சொல்லலல…

இல்லை தங்கச்சி, அழவில்லை. இருங்கள், ஜெனோவா ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். கேளுங்கள் அவள் சிரிப்பதை, ஒரு வருஷம் ஆயிற்று. “மாமி, எத்தன தட்டு மாமி! கணக்கே இல்ல!” என்கிறாள். அழுதுகொண்டே சிரிக்கிறாள். அவன் டப்பாவைத் திறந்துவிட்டான், பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. சமையல்காரன் புத்தி. முறுக்கை வாயில் போட்டுக்கொண்டே, “உப்புக் கொறவு” என்கிறான். “ஏன் ரெண்டு டப்பா?” என்கிறான்.

“ஒண்ணு என்னோடது. ஒண்ணு மாமியோடது” என்கிறாள் அவள். “தெனமும் அப்படித்தான்.”

தினமும்.

உங்கள் அண்ணன் காத்துக்கொண்டு நிற்கிறார், போங்கள் தங்கச்சி. இருங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். ஜெனோவா, அந்த இன்னொரு டப்பாவை இங்க தா. எடுத்துக்கொள்ளுங்கள், முந்திரிக்கொத்து. இன்னொன்று எடுங்கள். அண்ணனுக்கும் கொடுங்கள். அவன் இதிலும் ஏதாவது குறைவு என்பான், பரவாயில்லை. நான் கொண்டுவந்தது.